வேலிக்கம்பத்தில் வைத்த சோறு

வேலிக்குள் நான்கு காகங்கள் இறங்கியிருந்தன. எங்களால் ஓடவும் முடியாது, கத்தவும் முடியாது.

ஏன் முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வேலிக்குள் இருப்பது வெறும் மணல். அந்த மணலில்தான் ஆலாப் பறவைகள் முட்டை இட்டிருந்தன. ஆலா கூடு கட்டாது. மணலில் சின்னதாகப் பள்ளம் பறித்து, மணல் நிறத்திலேயே இரண்டு மூன்று முட்டை இட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்துவிடும். பொரிக்கிற குஞ்சும் மணல் நிறம்தான். நாம் ஓடினால் நம் காலே அதற்கு எமன். கத்தினால் தாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிவிடும். வைகாசி வெயிலில் தாய் எழுந்துபோன முட்டை கொஞ்ச நேரத்தில் அவிந்துவிடும்.

கதவுக்கு வெளியே நாங்கள் மூன்று பேர் நின்றோம். தோள்பட்டை இறங்கியதால் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு இந்த வேலியைக் கட்டிக் காத்துவந்த ஏழுமலை. குப்பத்தில் மீன் விற்கும் தேசம்மா. காலையும் மாலையும் கதவைத் திறந்து மூடுவது அவள் பொறுப்பு. அப்புறம் நான்.

"நாட்டாரு வந்துகினு கீறாரு. இந்த நேரம் பாத்தா இந்தச் சனியனுங்க எறங்கணும்?" என்றார் ஏழுமலை, பல்லைக் கடித்துக்கொண்டு.

நாட்டார் என்றால் அந்தக் குப்பத்தின் தலைவர். உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் அந்த மணல் திட்டு ஊருக்குப் பொது. வலை உலர்த்தவும் கருவாடு காயவைக்கவும் இருந்த இடத்தை, ஒரே ஒரு பருவத்துக்குப் பறவைகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். குஞ்சு பிழைத்தால் வேலி நிற்கும். இல்லாவிட்டால் அன்றைக்கே பிடுங்கிவிட வேண்டும். அதைப் பார்க்கத்தான் நாட்டார் நாலு பேரோடு மணலில் நடந்து வந்துகொண்டிருந்தார். பதினோரு கூடுகளில் நான்குதான் மிச்சம்.

உள்ளேயிருந்த காகங்களில் ஒன்று எழும்பிப் பறந்து வந்து வேலிக்கம்பத்தில் உட்கார்ந்தது. அதன் இடது இறக்கையில் ஒரே ஓர் இறகு வெள்ளை. ஏழுமலை கையை ஓங்கினார். அது அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது. என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தது. இரண்டு எட்டு தத்தி என் பக்கமாக வந்து, "கா" என்றது.

தேசம்மா காகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

பையைக் கொட்டிக் காட்டுங்கள்

அந்தக் குப்பத்தின் பெயரை எழுதப்போவதில்லை. முட்டுக்காட்டுக்குத் தெற்கே என்பதோடு விடுகிறேன். எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் காரை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வந்து நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சரணாலயம் என்று பெயர்ப்பலகையில் போட்டிருந்தோமே தவிர, ஒரு கல்யாண மண்டபம் அளவுகூட இருக்காது. சுற்றிலும் சவுக்குக் கழி நட்டு, பழைய மீன்வலையை இரண்டு மடிப்பாகக் கட்டி, கீரியும் பெருச்சாளியும் தோண்டி வராமல் அடியில் ஒரு முழம் தகரம் புதைத்திருந்தார்கள். நாய், பூனை, கீரி எதுவும் உள்ளே போகாத இடம். அதுதான் அந்த வேலியின் பெருமை. காகத்துக்கு என்ன செய்வது என்று முதல் நாளே யாரோ கேட்டார்களாம். "இங்க சோறு இல்லாங்காட்டி அது இன்னாத்துக்கு வருது?" என்று ஏழுமலை சொன்னாராம். ஆகவே ஒரே விதி: தின்பண்டம் எதுவும் இந்தப் பக்கமே வரக் கூடாது.

அந்த விதியைக் காக்கும் வேலை எனக்கு வந்தது. நான் செங்கல்பட்டு ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். தேசம்மா எனக்கு டிக்கெட்டம்மா என்றே பெயர் வைத்துவிட்டாள். ஞாயிறுதோறும் கூடுவாஞ்சேரியிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு ஷேர் ஆட்டோவும் மாறி வந்து, கதவருகே குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பார்க்க வருகிறவர்கள் பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். செருப்பைத் தட்டிவிட்டு, கயிறு கட்டிய பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும்.

என்னிடம் கவுன்ட்டர்க் குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு தடவை ஐ.டி. கம்பெனிப் பெண் ஒருத்தி ஜீன்ஸ் பாக்கெட்டில் மசாலாக் கடலை வைத்திருந்தாள். "படிச்சிருக்கீங்கதானே? போர்டைப் படிக்கத் தெரியாதா? அந்த ஒரு கடலைக்கு ஒரு காக்கா வரும், அது நாலைக் கூட்டிட்டு வரும்" என்று நான் போட்ட சத்தத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று எனக்கு அது ரொம்ப நியாயமாக இருந்தது.

எல்லாருடைய பையையும் நான் சோதித்தேன். என் பையைச் சோதிக்க யாரும் இல்லை.

வலை போட்ட பால்கனி

உண்மையில் அந்த ஞாயிறுகள் என்னுடையவை அல்ல, என் வீட்டுக்காரருடையவை. தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விடுமுறை நாளெல்லாம் கழி ஓரம் நின்றவர் அவர். இந்தத் திட்டில் ஆலா முட்டை வைப்பதை முதலில் பார்த்துவிட்டு வந்து சொன்னதும் அவர்தான். "உங்களுக்குப் பொண்டாட்டி நானா, அந்தப் பறவையா?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வேலி என்ற யோசனை ஏழுமலையும் அவரும் டீக்கடையில் பேசிப் பேசி வளர்த்தது. வேலி எழுந்தபோது பார்க்க அவர் இல்லை. அவர் போன கதையைச் சில வாரங்களுக்கு முன்பே இந்தப் பகுதியில் எழுதிவிட்டேன். மறுபடி எழுதத் தெம்பில்லை.

அமாவாசைக்கு அமாவாசை அவருக்குப் படைப்பேன். காகம் வந்து எடுத்த பிறகுதான் நான் சாப்பிட வேண்டும். செங்கல்பட்டில் குடியிருந்தவரை இது ஒரு விஷயமே இல்லை. கூடுவாஞ்சேரி ஃபிளாட்டுக்கு வந்த பிறகுதான் பேஜார் ஆரம்பித்தது. புறாத் தொல்லை என்று பால்கனிக்கெல்லாம் வலை போட்டுவிட்டார்கள். மொட்டை மாடிக்குப் பூட்டு. ஜன்னல் விளிம்பில் இலைத் துண்டை வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோகும். ஒரு தடவை மதியம் மூன்று மணிவரை பட்டினியாக உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு புறா வந்தது. என் வீட்டுக்காரர் புறாவாக வர மாட்டார். அவருக்குப் புறாவைக் கண்டாலே ஆகாது.

எதிர் ஃபிளாட்டு அம்மாள் வேறு, "அவருக்கு மனசுல ஏதோ குறை இருக்கும் போல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்டுவிட்டு எப்படித் தூங்குவது?

சித்திரை அமாவாசை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. விடியலில் சமைத்து, படைத்து, சோறும் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் இரண்டு உளுந்து வடையும் எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் எங்காவது வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கேளம்பாக்கம் பஸ் நிலையத்தில் கூட்டம். இறங்கிய இடத்தில் நாய்கள். அப்படியே திட்டுவரை வந்துவிட்டேன்.

அன்று பார்வையாளர்கள் வரவில்லை. ஏழுமலை சாப்பிடப் போயிருந்தார். கதவுக்கு வெளியே இருக்கும் கம்பத்தின் தலை தட்டையாக, ஒரு கைப்பிடி சோறு வைக்கத் தோதாக இருந்தது. வெளியேதானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வைத்துவிட்டு மெதுவாக ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன்.

வந்துவிட்டது. இறக்கையில் ஒரு வெள்ளை இறகோடு, சவுக்குத் தோப்புப் பக்கத்திலிருந்து நேராக வந்து உட்கார்ந்தது. சோற்றைத் தொடவில்லை. வடையை முதலில் எடுத்தது. இலையில் என்ன போட்டாலும் அவரும் வடையைத்தான் முதலில் எடுப்பார். நான் அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு வருஷத்தில் அப்படி வயிறு குளிர்ந்த நாள் இல்லை.

அடுத்த ஞாயிறு அமாவாசை இல்லை. இருந்தாலும் ஒரு வடை கொண்டுபோனேன். அதற்கடுத்த ஞாயிறும்.

கதவு மேல் விழுந்த பழி

மூன்றாவது வாரம் இரண்டு கூடுகள் காலியாகக் கிடந்தன. பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த கிளிஞ்சல் இருந்தது; முட்டை இல்லை. மறுநாள் இன்னும் இரண்டு. ஏழுமலை வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தகரத்தைத் தோண்டிப் பார்த்தார். ஓட்டை இல்லை. அப்படியானால் கதவுதான்.

"மீன் கூடைய வச்சிகினு கதவாண்ட நிப்பே. தொறந்து போட்டுட்டு கத பேசிகினு இருந்திருப்பே. கீரி பூந்துட்ச்சி" என்றார் தேசம்மாவிடம்.

"ஏயுமல, வார்த்தைய அளந்து பேசு. நா கதவ சாத்தாம போனத ஒன் கண்ணால பாத்தியா?"

"பின்ன இன்னா, முட்ட தானா நடந்து போச்சா?"

அந்தச் சண்டை குழாயடிவரை போயிற்று. தேசம்மாவின் அலட்சியத்தால்தான் முட்டை போனது என்று ஊரே பேசிக்கொண்டது. அவளிடம் மீன் வாங்க வந்தவர்கள்கூட, "கதவ சாத்திட்டியா தேசம்மா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவள் சிரிக்கிற ஆள்தான். ஆனால் அந்த வாரம் சிரிக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. கீரியாக இருக்கலாம் என்று நானும் தலையாட்டினேன். என் காகம் சோறு தின்று போகிற காகம், அது அப்படிச் செய்யாது என்று எனக்குள் வாதாடினேன். ஆனால் அடுத்த ஞாயிறு வேலிக்கு மேலே மூன்று காகங்கள் சுற்றியதைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று சோறு வைக்கவில்லை. வைக்காததால் அவை இன்னும் பசியோடு உள்ளே பார்த்தன. அந்த வாரம் இன்னும் மூன்று கூடுகள் போயின.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். கடலைக்காக ஒரு பெண்ணை அழவைத்தவள் எப்படிச் சொல்வாள்? வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொன்னால் அந்தக் காகத்தைக் கல்லால் அடிப்பார்களே என்ற பயம். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. தேசம்மாவின் பெயரைவிட அது பெரிதாகப் போய்விட்டது என்பதை இன்று எழுதும்போதும் கை கூசுகிறது.

கூப்பிட்டேன்

இப்போது மறுபடி அந்தக் கதவருகே வருவோம். அன்று வைகாசி அமாவாசை; ஞாயிறு இல்லாவிட்டாலும் நாட்டார் பார்க்க வருகிற நாள் என்று வந்திருந்தேன். என் பைக்குள் டப்பா இருந்தது. திரும்பிப் போகும் வழியில், கழிமேல் இருக்கும் பாலத்துக்கு அப்பால் எங்காவது வைக்கலாம் என்று எடுத்து வந்திருந்தேன்.

உள்ளே மூன்று காகங்கள். ஒன்று கிழக்கு ஓரக் கூட்டை நோக்கித் தத்திக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டில்தான் முந்தின நாள் ஒரு குஞ்சு பொரித்திருந்தது. தாய் ஆலா எழும்பி, கிறீச்சென்று கத்திக்கொண்டு காகத்தின் தலையில் விழுந்து விழுந்து கொத்தியது. கையளவு உடம்பு. காகம் தலையைத் தாழ்த்திக்கொண்டு இன்னொரு தத்து தத்தியது.

"நா கயித்தாண்ட நடந்து போறேன்" என்றார் ஏழுமலை.

"நீ போய்ச் சேர்றதுக்குள்ள அது முழுங்கிடும்" என்றாள் தேசம்மா. அவள் கண் இன்னும் என் மேல்தான் இருந்தது. "இன்னா டிக்கெட்டம்மா? அந்தக் காக்கா இன்னாத்துக்கு ஒன்னியப் பாத்துகினே கீது?"

நாட்டாரும் மற்றவர்களும் கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். வெள்ளை இறகு இன்னும் கம்பத்தில் இருந்தது. உள்ளே இருப்பவை எதைக் கண்டால் வெளியே வரும் என்பது அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் செய்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

கிழக்கு ஓரத்தில் காகம் மணலைக் கொத்தியது. குஞ்சையா, வெறும் மணலையா, தெரியவில்லை.

நான் பையைத் திறந்தேன். டப்பாவின் மூடியைக் கழற்றி உயர்த்திக் காட்டினேன். "கா... கா..." என்று கூப்பிட்டேன். மெதுவான குரலில்தான்.

கம்பத்துக் காகம் ஒரு சத்தம் கொடுத்தது. உள்ளே இருந்த மூன்றும் தலையைத் தூக்கின. அடுத்த நொடி நான்கும் என் தலைக்கு மேலே. நான் திரும்பி நடக்க ஆரம்பித்தேன். ஓடவில்லை. ஒவ்வொரு பிடிச் சோறாக மணலில் போட்டுக்கொண்டே, படகுகளைத் தாண்டி, ஐஸ் பெட்டிகளைத் தாண்டி, வேலி கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்த சவுக்குத் தோப்புவரை போனேன். பின்னாலேயே வந்தன. கடைசி வடையை வைத்துவிட்டு, வெறும் டப்பாவோடு திரும்பி நடந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நடை வேறு இல்லை.

கதவருகே எல்லாரும் காத்திருந்தார்கள். ஏழுமலை கயிற்றுப் பாதையில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"குஞ்சு கீது" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "தாய் மேல உக்காந்துகீது."

"நல்லது" என்றார் நாட்டார். பிறகு என்னிடம் திரும்பினார். "இன்னாம்மா இது? நீ கூப்ட்டா வருது?"

சொன்னேன். சித்திரை அமாவாசையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். போன ஏழு கூடும் என்னால்தான் போனது என்றேன். சொல்லி முடித்தபோது தேசம்மா என் முன்னால் வந்து நின்றாள்.

"தனியா எங்கிட்ட சொல்லியிருந்தா போய்த் தொலன்னு உட்டிருப்பேன். ஊரே என்னியச் சொல்லிச் சிரிச்சிச்சு. நீயும் தலையாட்டினே. நா பாத்தேன்."

"தப்புதான் தேசம்மா."

"எங்கிட்ட இல்ல. இவுங்ககிட்டச் சொல்லு. கதவ நா சாத்துனேன்னு சொல்லு."

நாட்டாரையும் அவரோடு வந்த நாலு பேரையும் ஏழுமலையையும் பார்த்து, கவுன்ட்டர்க் குரலில், சத்தமாகச் சொன்னேன். "தேசம்மா ஒரு நாள்கூடக் கதவைத் திறந்து போடலை. தப்பு முழுக்க என்னோடது." ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோ தேசம்மா" என்று முனகினார்.

நாட்டார் யோசித்தார். குஞ்சு ஒன்று பொரித்திருக்கிறது, இன்னும் மூன்று கூட்டில் முட்டை இருக்கிறது, ஆகவே இந்தப் பருவம் முடியும்வரை வேலி நிற்கட்டும் என்றார். பிறகு என்னைக் காட்டி, "இந்தம்மா கதவாண்ட வரக் கூடாது. தோப்பாண்ட உக்காரட்டும். கூப்ட்டவங்களே தொரத்தட்டும்" என்றார்.

அது தண்டனை என்று நினைத்துத்தான் சொன்னார். எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்குத் தெரியாது.

குடை

அந்த வைகாசி, ஆனி முழுக்க ஞாயிறு என்றில்லை, தினமும் போனேன். தோப்பு ஓரத்தில் ஒரு உடைந்த கட்டுமரத்தின் மேல் உட்காருவேன். சத்தம் போடக் கூடாது என்பதால் என் ஆயுதம் என் கறுப்புக் குடை. காகம் வேலி இருக்கும் திசையில் பறந்தால், பட்டென்று அதன் முகத்துக்கு நேராக விரிப்பேன். மூன்று காகங்கள் ஒரு வாரத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டன.

வெள்ளை இறகு மட்டும் போகவில்லை. எதிரே மணலில் வந்து உட்காரும். பையைப் பார்க்கும். கழுத்தைச் சாய்த்து என் முகத்தைப் பார்க்கும். பையில் தண்ணீர் பாட்டிலைத் தவிர ஒன்றும் இல்லை. முதல் இரண்டு நாள் அதற்கு எதிராக என்னால் குடையைத் தூக்கவே முடியவில்லை.

மூன்றாம் நாள் அது எழும்பி நேராக வேலியை நோக்கித் திரும்பியது. நான் எழுந்து குறுக்கே போய் நின்றேன். குடையை விரித்தேன். அது சுற்றி வந்து மறுபடி என் முன்னால் உட்கார்ந்தது.

"போங்க" என்றேன். "இங்க வேண்டாம். போங்க."

மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வந்துகொண்டிருந்த தேசம்மா நின்றுவிட்டாள். அந்த அமாவாசைக்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"காக்காவ யாராச்சும் வாங்க போங்கன்னு தொரத்துவாங்களா?" என்றாள். சொல்லும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கட்டுமரத்தில் உட்கார்ந்தாள். "சரி, நீயே சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பாரு" என்றாள்.

நான் குடையை மடக்கினேன். மறுபடி விரித்தேன். காகம் எழும்பியது. இந்தத் தடவை வேலிப் பக்கம் திரும்பவில்லை. கழிக்கு மேலாக மேற்கே போய், பாலத்துப் பக்கம் சின்னதாகி மறைந்தது.

அந்தப் பருவத்தில் அந்த மணலிலிருந்து ஐந்து ஆலாக் குஞ்சுகள் பறந்தன. வேலி இந்த வருஷமும் நிற்கிறது. கதவருகே இப்போது பையைச் சோதிப்பவள் தேசம்மா. எல்லாரையும்விட என் பையைத்தான் அதிக நேரம் சோதிக்கிறாள்.

அமாவாசைச் சோற்றைத் தெருமுனைப் பசுவுக்குக் கொடுத்துவிடுகிறேன். எதிர் ஃபிளாட்டு அம்மாளுக்கு அதில் திருப்தி இல்லை. எனக்குப் பரவாயில்லை. அன்று ஆஸ்பத்திரியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போகாதீங்க, போகாதீங்க" என்று கத்தினேன், அவர் கேட்கவில்லை. மணலில் நின்று போகச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்.